சிவக்கும்போது சொல்லிவிடலாம்

சிவக்கும்போது சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இப்போது வேண்டாம். இப்போது பாறை, சூளையிலிருந்து இறக்கிப் போட்ட செங்கல் மாதிரி சும்மா கிடக்கிறது. என் மகன் நெல்லை கேமராவுக்கு மூன்று கால் ஸ்டாண்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். அந்த வேலையில் இருப்பவனிடம் போய், டே, உங்கப்பன் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டே என்று சொன்னால் கேமரா கீழே விழும், செம்மண் லென்சுக்குள் போகும், அப்புறம் பேச்சு கல்யாணத்தை விட்டு லென்சுக்குப் போய்விடும். மூன்று வாரமாக இப்படித்தான் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து விழுகிறது. மெல்போர்னில் வந்து இறங்கிய மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, நெல்லை, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். "நானே கேக்கணும்னு இருந்தேன்ப்பா. உங்க ரூமுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கட்டும்?" என்றான். எனக்கென்று ஓர் அறை. நான் ரிட்டையரான ஸ்டேஷன் மாஸ்டர், பாளையங்கோட்டையில் தனியாகக் கிடக்கிறேன், என் பெண்டாட்டி பகவதி போய் ஆறு வருஷம் ஆகிறது, அதனால் என்னை இங்கேயே நிரந்தரமாகக் கொண்டுவந்துவிடுவது என்று அவனும் மருமகளும் பேசி முடித்திருக்கிறார்கள். எந்தக் கலரானாலும் சரிடே என்று சொல்லிவிட்டு மீதி இட்லியைத் தின்றேன். அடுத்த வாரம் கங்காரு பார்க்கில் வாயைத் திறந்தேன். ஒரு கங்காரு வந்து என் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. கடற்கரையில் காற்று. காரில் அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டுகிறவனிடம் வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பது நான் ரயில்வேயில் கற்ற பாடம். நாளை மறுநாள் எனக்கு விமானம். ஆகவே இங்கே, இந்தப் பாலைவனத்தில், இந்தப் பாறை சிவக்கும்போது. சிவக்கும்போது அவன் ரொம்ப சந்தோஷமாக இருப்பான். எனக்கு இதைக் காட்டியே தீர வேண்டும் என்று போனில் பிடித்த பிடியாக நின்றவன். சந்தோஷத்தில் இருக்கிறவன் காதில் எதையும் போட்டுவிடலாம். போட்டுவிடலாமா? போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பாறைக்கு உலுரு என்று பெயர். தட்டையான பாலைவனம், முழங்கால் உயரத்துக்குப் புல், அதன் நடுவில் யாரோ இறக்கி வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி ஒற்றைப் பாறை. எங்கள் பக்கம் என்றால் இதற்குள் படி வெட்டி, உச்சியில் முருகனை வைத்து, அடிவாரத்தில் செருப்பு விடும் இடத்தை ஏலம் விட்டிருப்போம். இங்கே இந்த மண்ணின் ஆதிக்குடிகள் அதன்மேல் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தூர நின்று பார், போதும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. என் முழங்காலுக்கு என்னைவிடப் பிடித்திருக்கிறது. கார்களை வரிசையாக நிறுத்தி, மடக்கு நாற்காலிகளை விரித்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லோரும் பாறையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். பெண் எப்போது வெட்கப்பட்டுச் சிவக்கும் என்று காத்திருக்கிறோம். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது, அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சமைத்தவளை விட்டுவிட்டு சாப்பாட்டைப் புகழ்கிற கூட்டம். அப்புறம் ஈ. இந்த ஊர் ஈயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஈ இனிப்பைத் தேடும், புண்ணைத் தேடும், ஏதோ ஒரு நியாயம் இருக்கும். இது நேராக மனிதனின் கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் வருகிறது. வாயைத் திறந்தால் சொல் வெளியே வருவதற்கு முன் ஈ உள்ளே போய்விடுகிறது. அதனால் ஆளுக்கு ஒரு தொப்பி, தொப்பியிலிருந்து கழுத்து வரைக்கும் கறுப்பு வலை. எல்லோரும் தேன் எடுக்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறோம். வலைக்குள் நெல்லையின் முகம் தெரியவில்லை. ஒரு மூக்கு, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். "முகத்தைப் பாத்துச் சொல்லுங்க, போன்ல சொல்லிராதீங்க, அவங்க முகம் எப்படிப் போவுதுன்னு பாக்கணும்லா" என்று வடிவு சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஈ வலை என்று ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

வடிவு என்றால் சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் நான் சுகர் பார்க்கப் போகும் லேப்பில் ரத்தம் எடுக்கிறவள். வயது ஐம்பத்தைந்து. தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணத்தை மறந்துபோனவள் என்று தெருவில் சொல்வார்கள். அவளைக் கேட்டால், "மறக்கல சார், யாரும் ஞாபகப்படுத்தல" என்பாள். பகவதி போன பிறகு டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுகர் பாருங்கள் என்றார். போனேன். இவள் ஊசி குத்தியது தெரியவில்லை. குத்திட்டியாம்மா என்று கேட்டேன். "எடுத்தே முடிச்சாச்சு, கையை மடக்கிப் பிடிங்க" என்றாள். அப்புறம் மாதம் ஒரு தடவை போனேன். அப்புறம் வாரம் ஒரு தடவை. எனக்கு சுகர் கிடையாது. எந்தச் சோதனையிலும் கிடையாது. சுகர் இல்லாத ஒருவன் வாரம் தவறாமல் வெறும் வயிற்றோடு வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உலகம் என்ன நினைக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சார், உங்களுக்கு சுகர் வராது. இப்படியே எடுத்துக்கிட்டிருந்தா ரத்தசோகைதான் வரும். பேசணும்னா பேசுங்க, கையை நீட்டாதீங்க" என்றாள். அன்றைக்குப் பேச ஆரம்பித்ததுதான். எதைப் பற்றிப் பேசினோம் என்று இப்போது கேட்டால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. புளி விலை. ஜங்ஷனில் பாலம் வேலை. அவள் தம்பி பெண்டாட்டியின் குறட்டை. பேசிக்கொண்டே இருந்தால் மத்தியானம் ஆகிவிடும், பசிக்கும். எனக்குப் பசித்து எவ்வளவு நாளாகியிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"ப்பா! பாருங்க, பாருங்க, மாறுது!" நெல்லை கத்துகிறான். பார்க்கிறேன். ஆமாம், மாறத்தான் செய்கிறது. செங்கல் போய் கேசரி வந்திருக்கிறது. நெய் விட்டுக் கிண்டின கேசரி. பாறையின் மடிப்புகளில் நிழல் ஊதாவாக இறங்கி, மேடுகள் எல்லாம் முன்னால் வந்து நிற்கின்றன. நன்றாக இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப நன்றாக இருக்கிறது. எழுந்துவிட்டேன். சிவக்கும் வரை காத்திருப்பானேன், கேசரி போதும், கேசரியும் மங்கலமான நிறம்தானே. நாற்காலியை விட்டு இரண்டு எட்டு வைத்து, "நெல்லை, ஒண்ணு சொல்லணும்டே" என்றேன். சொல்லியே விட்டேன், ஈகூட உள்ளே போகவில்லை. அப்போது பக்கத்துக் காரின் வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். பெயர் ப்ரெண்டாவாம். ஒரு தட்டில் சீஸ் துண்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். பத்து தடவைக்கு மேல் இங்கே வந்திருக்கிறாளாம், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நிறமாம். பின்னால் நாற்காலியில் தொப்பை தெரிய உட்கார்ந்திருந்த கிழவரைக் காட்டி, "இது கெவின். என் மூன்றாவது புருஷன்" என்றாள். மூன்றாவது! சீஸைக் காட்டிய அதே குரலில். இது செடார், இது கெவின். கெவின் எனக்குக் கையைத் தூக்கி வணக்கம் மாதிரி ஒன்று வைத்தார். அவர் முகத்தில் மூன்றாவது என்ற சங்கடம் துளிகூட இல்லை. நான் இரண்டு என்று சொல்வதற்கு மூன்று வாரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு திரிகிறேன். சீஸை வலைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்து, வலையைத் தூக்கி, ஈயோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு நின்றேன். "என்னமோ சொல்லணும்னீங்களே?" என்றான் நெல்லை. வாய் நிறைய சீஸ். பகவதிக்குப் பிறகு இன்னொருத்தி என்ற வாக்கியத்தை சீஸ் மெல்லும் வாயால் சொல்லக் கூடாது. "நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்திருக்க வேண்டும். வலை அசைந்தது.

கேசரி கொஞ்சம் கொஞ்சமாக செம்பு ஆகிக்கொண்டிருக்கிறது. நெல்லை பாடம் நடத்துகிறான். உள்ளே இந்தப் பாறை சாம்பல் நிறம்தானாம். அதில் இருக்கும் இரும்பு காற்றும் தண்ணீரும் பட்டுத் துருப்பிடித்து, வெளித்தோல் மட்டும் சிவந்திருக்கிறதாம். துரு! முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவனிடம் துருவைக் காட்ட விமானம் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறான். ஸ்டேஷனில் கிடந்த பழைய தண்டவாளத் துண்டுகளை நான் ஒரு நாளும் அழகாக இருக்கிறது என்று நின்று பார்த்ததில்லை. பார்த்திருக்கலாமோ? பகவதி இருந்தால் இதைப் பார்த்துவிட்டு, இதுக்கா இம்புட்டு தூரம் என்றிருப்பாள். ஊட்டி பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், பஸ் ஏறினால் குமட்டும் என்று ஊட்டி போகாமலே போனவள். அவள் போன செய்தி கேட்டு நெல்லை இரண்டு விமானம் மாறி வந்தான். அழவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் அடுக்களைக்குள் போய், டப்பாக்களை எல்லாம் எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தான். உளுந்து டப்பாவை மட்டும் கழுவவில்லை. அதில் அவள் உழுந்து என்று எழுதி ஒட்டியிருந்தாள். நனைந்தால் எழுத்து போய்விடும் என்று அதை ஈரத் துணியால்கூடத் துடைக்காமல் மேல் தட்டில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போகிறவன் மாதிரி கிணற்றடிக்குப் போனான். ரொம்ப நேரம் கழுவினான். அந்தப் பிள்ளையிடம் நான் என்னவென்று சொல்ல? உன் அம்மா இடத்துக்கு யாரும் இல்லை, இது வேற இடம், பெஞ்சில் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடம் என்று சொல்லலாமா? பெஞ்சு எதற்கு? பெஞ்சு வேண்டாம். நேராகச் சொல்லலாம். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்று. அறுபத்து மூன்று வயதில் அந்த வாக்கியத்தை மகனிடம் சொல்ல எந்த வாய் இருக்கிறது? கெவினுக்கு இருக்கும். கெவின் சொல்லி, நெல்லை கேட்டு, நான் கொஞ்ச நேரம் கார் டிக்கிக்குப் பின்னால் நின்றுகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இதோ சிவக்கப் போகிறது. ஓட்டல் வரவேற்பறையில் இந்தப் பாறையின் படத்தை ஒவ்வொரு நிறத்திலும் எடுத்துச் சதுரம் சதுரமாக ஒட்டியிருந்தார்கள். அதில் கடைசிச் சதுரத்துக்கு முந்தியது கொல்லன் உலையில் எடுத்த இரும்பு மாதிரி உள்ளேயிருந்து எரிகிற சிவப்பு. அதற்குத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள். நெல்லை கேமராவுக்குப் பின்னால் குனிந்துவிட்டான். மருமகள் தேன்மொழி பொள்ளாச்சிக்காரி, "மாமா, முன்னால வந்து நில்லுங்க, உங்களோட ஒண்ணு எடுக்கோணும்" என்று கூப்பிடுகிறாள். அப்போதுதான் புத்திக்கு ஒன்று உறைத்தது. சிவப்பு! எந்த மடையன் சிவப்பைப் பார்த்துக் கிளம்புவான்? வேலையில் இருந்த காலமெல்லாம் சிவப்பு என்றால் நில். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸாக இருந்தாலும் நில், மந்திரி இருந்தாலும் நில். அந்த ரத்தம் ஓடுகிற உடம்பு சிவப்பைக் கண்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும், வாய் திறக்காது, எனக்கு என்னைத் தெரியும். பச்சைக்குத்தான் காத்திருந்திருக்க வேண்டும். பாறை பச்சையாகுமா? நெல்லையைக் கேட்டால் சிரிப்பான். செம்புக்கு மேல் ஒரு சுற்று ஏறி, பாறை செம்பருத்திக்குப் போகிற அந்த வாசலில், யாரோ விளக்கை அணைத்தார்கள். அப்படித்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் நாங்கள் யாரும் பார்க்காமல் விட்ட மேற்கில் ஒரு மேகம், மேகம் என்று சொல்ல முடியாது, ஒரு மலைத்தொடர், சூரியனை அப்படியே வாயில் போட்டுக்கொண்டிருந்தது. பாறை கத்தரிக்காய் ஆனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாவல்பழம் ஆனது. பிறகு ஈயப் பாத்திரம். கார்களுக்கு நடுவில் அடடா என்பதற்கு அவர்கள் பாஷையில் என்னவோ, அது வரிசையாக எழுந்தது. நெல்லை கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான். "சே! ஒரே ஒரு நிமிஷம்ப்பா, இன்னும் ஒரே நிமிஷம் நின்னிருந்தா சிவந்திருக்கும்" என்றான். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதி. சிவக்கவில்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மழை தூறி ஆரம்பிக்கவில்லை, கொட்டி ஆரம்பித்தது. பாலைவனத்தில் மழை. செம்மண் வாசம் குப்பென்று எழுந்து மூக்கில் அடித்தது, எங்கள் ஊர்ப்பக்கச் செம்மணல் தேரிக்காட்டு வாசம் அப்படியே. எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார்கள். நாங்களும் ஓடி, நாற்காலிகளைக் கார் ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே ஏறினோம். நெல்லை கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் அவனை நெல்சன் என்று கூப்பிடுகிறார்களே, அந்த நெல்சன் முகத்தோடு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்காகத்தான் வருத்தம். எனக்குச் சிவப்பைக் காட்ட முடியவில்லை என்று. அப்போது ப்ரெண்டா தன் காரிலிருந்து இறங்கி மழையில் நின்றுகொண்டு பாறையைக் காட்டிக் கூவினாள். பார்த்தால், நனைந்த யானை மாதிரி கறுத்துப் பளபளவென்று நிற்கும் அந்தப் பாறையின் உச்சியிலிருந்து வெள்ளிக் கம்பி ஒன்று இறங்குகிறது. இன்னொன்று. இன்னொன்று. அருவிகள்! குற்றாலத்தை அப்படியே பெயர்த்து அங்கங்கே தொங்கவிட்ட மாதிரி. இதைப் பார்ப்பதே அபூர்வமாம், அவள் வந்த எந்தத் தடவையும் பார்த்ததில்லையாம். நெல்லை கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான். தேன்மொழி பாய்ந்தாள். கையை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு மழையில் நின்றான் என் பிள்ளை. வலையைக் கழற்றி எறிந்திருந்தான். முகம் முழுசாகத் தெரிந்தது. நானும் இறங்கினேன். யோசித்திருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். "நெல்லை! ஒண்ணு சொல்லணும்டே!" "என்னப்பா? கேக்கல! அருவியப் பாருங்க!" "கல்யாணம்டே! கல்யாணம்!" "யாருக்கு?" "எனக்குடே!" "குடை கார்ல இருக்குப்பா! பின் சீட்டுல!" மழை தார் ரோட்டில் அடிக்கிற அடியில் என் காதே எனக்குக் கேட்கவில்லை. நான் நெஞ்சு நிறைய மூச்சு பிடித்தேன். நிற்காமல் ஓடுகிற கூட்ஸ் வண்டியின் கார்டைக் கூப்பிட ஒரு குரல் வைத்திருந்தேன் அந்தக் காலத்தில், ரிட்டையரான பிறகு எடுக்காத குரல், அதை எடுத்தேன். "நான் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டே!" அந்த மழைக்கு என்ன கோபமோ, முதல் சொல்லில் கொட்டிக்கொண்டிருந்தது, கடைசிச் சொல்லுக்குள் குழாயை மூடின மாதிரி நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய பாலைவனத்தில் என் டே மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தனை பேரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும்தான் அசையவில்லை. ப்ரெண்டா, என்ன ஆயிற்று, அவருக்கு ஏதாவது உடம்புக்கா என்று பதறிக்கொண்டு வந்தாள். தேன்மொழி அதிர்ச்சியில், யோசிக்காமல், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டாள், மாமா கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாராம் என்று. அவ்வளவுதான். ப்ரெண்டா ஒரு சத்தம் போட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சொட்டச் சொட்ட நனைந்த கிழவி, சொட்டச் சொட்ட நனைந்த நான். கெவினும் காரை விட்டு இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். எவனோ கார் ஹாரனை அடித்தான், அதைக் கேட்டு அடுத்தவன், அதைக் கேட்டு வரிசை முழுக்க. யாரோ கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு ஜப்பான்காரர் வந்து குனிந்து வணங்கிவிட்டு, நெல்லையின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். நெல்லை நன்றி சொன்னான். வாழ்த்தினால் நன்றி சொல்ல வேண்டும் என்று அவன் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய கேமராவைத் தேன்மொழி கையில் கொடுத்துவிட்டு, வேலி ஓரமாக நடந்து போனான். வேகமாக இல்லை. மெதுவாக. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கார்களின் வரிசை முடிந்தும் போனான். நான் பின்னால் போக எட்டு வைத்தேன். "விடுங்க மாமா, வருவாரு" என்றாள் தேன்மொழி. அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. என்ன நினைப்பாயோம்மா என்றேன். "எனக்கு அப்பவே டவுட்டுங்க மாமா" என்றாள். "உங்க போன் அடுக்களையில சார்ஜ்ல கெடந்துச்சு. லேப், லேப்னு மெசேஜா வந்துட்டே இருந்துச்சு. எந்த லேப்புங்க மூணு வேளையும் சாப்பிட்டீங்களான்னு கேக்கும்?" எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, பாறையைப் பார்த்தேன். அருவிகள் மெலிந்துகொண்டிருந்தன. பாறை கறுப்பிலிருந்து எதற்கோ மாறிக்கொண்டிருந்தது. மாறட்டும், எவனுக்கு வேண்டும். தூரத்தில் ஒரு சின்ன உருவமாக என் பிள்ளை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருவேளை இனி போன் பண்ண மாட்டானோ. தினமும் பொழுது சாயும்போது, சாப்பிட்டீங்களாப்பா என்று வருகிற போன் வராமல் போய்விடுமோ. எனக்கு வடிவு மேல் கோபம் வந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லணுமாம். அவளுக்கென்ன, ஊசி குத்தினாலும் தெரியாத மாதிரி குத்துகிறவள்.

அவன் திரும்பி வரும்போது மேகத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல்கடை திறந்து, சூரியன் அதன் வழியாக ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. நனைந்த பாறை முழுக்கப் பற்றிக்கொண்டது. சிவப்பு இல்லை அது. ஓட்டலின் எந்தச் சதுரத்திலும் இல்லாத ஒரு நிறம், ஜனங்கள் எல்லாம் மறுபடி இறங்கி ஓடி வந்து படம் எடுத்தார்கள். நெல்லை கேமராவைக் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "அவங்க பேரு என்ன?" என்றான். "சண்முகவடிவு." "என்ன செய்யிதாங்க?" "ரத்தம் எடுப்பா." "என்னது?" "லேப்லடே." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பு நுனியால் ஈர மண்ணைக் கிளறினான். "மூணு வாரமா என்கூட இருந்துட்டு, கடைசியில இம்புட்டு பேரு முன்னால கத்திச் சொல்லுதீங்க." "நீ கேக்கலையேடே. குடைன்னுல்லா சொன்ன." அவன் சிரிக்கவில்லை. "அம்மா இருந்திருந்தா என்னப்பா சொல்லியிருப்பா?" என்றான். நான் தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் வேறு கேள்விகளுக்கு. "அம்மா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதேடே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான், அதற்குப் பிறகு அது சிரிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. "எனக்குக் கோவம் போவல" என்றான் கைக்குள்ளிருந்து. "இருக்கட்டும்டே, மெதுவாப் போவட்டும்" என்றேன். "டிசம்பர் கடைசியிலதான் எனக்கு லீவு. கிறிஸ்துமஸ்ஸ ஒட்டி ரெண்டு வாரம். அதுக்குள்ள வச்சிக்கிடுங்க." எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா, வாய் முந்திக்கொண்டது. "டிசம்பர் கடைசி மார்கழிலாடே. மார்கழியில யாரு கல்யாணம் வைப்பா?" அவன் கையை எடுத்துவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். "அறுபத்து மூணு வயசுல மாப்பிள்ளையாப் போற மனுஷன், நீங்க மாசம் வேற பாக்கீங்களாக்கும்?" "நான் பாக்கலடே. வடிவு பாப்பா." நெல்லை பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டான். அந்த மூச்சைக் கேட்டு தேன்மொழி காருக்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலிகளை மடக்கி, உதறி, ஒவ்வொன்றாக டிக்கிக்குள் அடுக்கிக்கொண்டே அவன் சொன்னான், என் பக்கம் திரும்பாமல். "லீவ தை வரைக்கும் நீட்டிக் கேட்டுப் பாக்கேன். முதல் முகூர்த்தம் என்னைக்கின்னு அவங்கள பாத்துச் சொல்லச் சொல்லுங்க."